ஒரு தேதியும் இரண்டு உலைகளும்: கூடங்குளம் பெற்ற விலக்கின் வரலாறு

தாராவி தொண்ணூறு அடிச் சாலையில் ராதாபுரம் வட்டாரத்தைச் சேர்ந்த அண்ணாச்சி ஒருவர் மளிகைக் கடை வைத்திருக்கிறார். நெல்லை வழக்கின் உறவுச் சொற்களைக் கேட்டுக் குறித்துக்கொள்ள அவரிடம் அவ்வப்போது போய் அமர்வது வழக்கம். சென்ற மாதம் பேச்சு கூடங்குளத்தின் பக்கம் திரும்பியது. "தம்பி, எங்க ஊர்ல உலை வைக்கதுக்கு எங்ககிட்ட ஒரு வார்த்த கேக்கலியே. அந்த முடிவ எங்க வச்சு எடுத்தாங்க?" என்றார். "பக்கத்துலதான் அண்ணாச்சி, செம்பூரத் தாண்டி அணுசக்தி நகர்ல" என்றேன். அது பாதி விடைதான். மீதிப் பாதிக்காக இப்பதிவு.

அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் 1983 நவம்பர் 15 அன்று அமைக்கப்பட்டது. அதன் தலைமையகம் அணுசக்தி நகரில் இருக்கிறது. உலைகளைக் கட்டி நடத்தும் இந்திய அணுமின் கழகத்தின் தலைமையகமும் அங்கேதான். வாரியம் அணுசக்தி ஆணையத்துக்குக் கட்டுப்பட்டதாக அமைக்கப்பட்டது. ஆணையத்தின் தலைவரோ அணுசக்தித் துறையின் செயலாளர். கட்டுபவரும் கண்காணிப்பவரும் ஒரே படிக்கட்டின் உச்சியில் சந்தித்துக்கொண்டார்கள் என்பது இதன் பொருள். ஆனால் சுற்றுச்சூழல் அனுமதி என்பது தில்லி அமைச்சகத்தின் பொறுப்பு. நாம் பேச வேண்டிய விலக்கு அங்கேதான் பிறந்தது.

1988 நவம்பர் 20 அன்று ராஜீவ் காந்தியும் கொர்பச்சேவும் கூடங்குளத்துக்கான உடன்பாட்டில் கையெழுத்திட்டார்கள். தலா 1000 மெகாவாட் திறனுள்ள இரண்டு உலைகள். 1989 மே 1 அன்று தேசிய மீனவர் பேரவையின் நடைப்பயணம் கன்னியாகுமரியில் நிறைவுற்றது. அணு உலை எதிர்ப்பும் அதன் முழக்கங்களில் ஒன்று. அங்கே காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. எட்டு நாள் கழித்து, மே 9 அன்று, சுற்றுச்சூழல் அமைச்சகம் உலைகளுக்கு அனுமதி வழங்கியது. இவ்விரண்டுக்கும் காரண காரியத் தொடர்பு இருந்ததாக நான் சொல்லவில்லை. ஆனால் தேதிகளை அருகருகே வைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

அப்போது சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்கும் அறிவிக்கை இல்லை. அது வந்தது 1994 ஜனவரி 27 அன்று. மக்கள் கருத்துக்கேட்பு 1997-இல் சேர்க்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் சோவியத் ஒன்றியமே மறைந்துபோனது. கூடங்குளத் திட்டம் கோப்புக்குள் உறங்கியது. 1998-இல் ரஷ்யாவுடன் துணை உடன்பாடு செய்து அதை எழுப்பினார்கள். எழுந்துவந்தது பழைய திட்டம்தானா என்பதே என் கேள்வி. முதல் திட்டத்தில் நன்னீர் பேச்சிப்பாறை அணையிலிருந்து வருவதாக இருந்தது. பின்னர் கடல்நீரை நன்னீராக்கும் ஆலை என்று மாறியது. எரிந்த எரிபொருளைச் சோவியத் ஒன்றியமே திருப்பி எடுத்துக்கொள்ளும் என்பது முதல் ஏற்பாடு; பின்னர் அது இங்கேயே இருக்கும் என்றானது. நீரும் கழிவும்! ஓர் அணு உலை தன் சுற்றுப்புறத்தோடு கொள்ளும் உறவில் இவற்றைவிடப் பெரியவை வேறென்ன? ஆயினும் 1989 அனுமதியே போதும் என்று 2001-இல் அமைச்சகம் தெரிவித்தது. 2002 மார்ச் 31 அன்று முதல் கான்கிரீட் ஊற்றப்பட்டது.

மொழியியல் படித்தவன் என்பதால் ஒன்றைக் கவனிக்கிறேன். கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையில் அணுசக்தித் துறைத் திட்டங்களுக்கு விலக்கு உண்டு என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. அதை எதிர்த்து வாதாடலாம். ஏனெனில் அது வாக்கியமாக இருக்கிறது. கருத்துக்கேட்பிலிருந்து கிடைத்த விலக்கை அப்படி எழுதவேண்டிய தேவையே எழவில்லை. ஒரு தேதி அந்த வேலையைச் செய்து முடித்தது. இதே வளாகத்தின் 3 முதல் 6 வரையிலான உலைகளுக்கு 2007 ஜூனில் திருநெல்வேலியில் கருத்துக்கேட்பு நடந்தது. அது எப்படி நடந்தது என்பது தனிக்கதை. முதல் இரண்டு உலைகளுக்கு அதுவும் இல்லை. நாக்பூரின் நீரி நிறுவனம் அவற்றுக்கும் ஆய்வறிக்கை தயாரித்தது உண்மைதான். ஆனால் அதை ஊர் முன் வைத்துப் பேசும் கடமை எவருக்கும் இருக்கவில்லை.

இதே தேதிச் சிக்கல் அமெரிக்காவிலும் வந்தது. மேரிலாந்தின் செசபீக் விரிகுடாக் கரையில் கல்வர்ட் கிளிஃப்ஸ் உலைகளுக்குக் கட்டுமான அனுமதி கிடைத்தது 1969-இல். தேசியச் சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1970 ஜனவரி 1-இல். 1971 மார்ச் 4-க்கு முன் அறிவிக்கப்பட்ட விசாரணைகளில் கதிரியக்கம் சாராத சுற்றுச்சூழல் கேள்விகளை எழுப்பக் கூடாது என்று அந்நாட்டு அணுசக்தி ஆணையம் விதி செய்தது. விரிகுடாவில் கலக்கப்போகும் வெந்நீரைப் பற்றி அஞ்சியவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 1971 ஜூலை 23 அன்று வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவ்விதிகளை ஏற்க மறுத்தது. அனுமதி முன்பே பெற்ற உலைகளையும் ஆராய்ந்தாக வேண்டும் என்றது. அதற்காக உலைகள் நின்றுவிடவில்லை. 1975-இலும் 1977-இலும் இயங்கத் தொடங்கி இன்றும் ஓடுகின்றன. இன்று அங்கே ஓர் உலை ஏதேனும் பாதுகாப்பு விதியிலிருந்து விலக்குக் கேட்டால், அந்த விலக்கின் சுற்றுச்சூழல் விளைவு என்ன என்று ஒழுங்குமுறை அமைப்பு பெரும்பாலும் ஒரு சிறு மதிப்பீடு எழுதி அரசிதழில் வெளியிடும். படிக்கச் சலிப்பூட்டும் தாள்கள். "குறிப்பிடத்தக்க பாதிப்பு இல்லை" என்றே பெரும்பாலும் முடிபவை. ஆனால் யார் கேட்டார், ஏன் கொடுத்தோம் என்பது அச்சில் இருக்கும்.

நமக்கு அந்தத் தாள் இல்லை. 2011 மார்ச்சில் ஃபுகுஷிமா நிகழ்ந்தபின் இடிந்தகரை எழுந்தது. வழக்குகள் சென்னை உயர் நீதிமன்றத்தில் 2012 ஆகஸ்டு 31 அன்றும், உச்ச நீதிமன்றத்தில் 2013 மே 6 அன்றும் முடிந்தன. 1989 அனுமதி செல்லும், கருத்துக்கேட்பு தேவையில்லை என்பதே இரண்டின் சாரம். உச்ச நீதிமன்றம் 15 வழிகாட்டுதல்களைச் சேர்த்தது. பாதுகாப்பில் அது அக்கறையற்று இருந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் பாதுகாப்பானதா என்ற கேள்விக்கு நிபுணர்களிடம் விடை கேட்ட நீதிமன்றம், மாறிப்போன திட்டத்துக்குப் பழைய அனுமதி பொருந்துமா என்ற எளிய கேள்வியின் மேல் போதுமான நேரம் நிற்கவில்லை என்பது என் கருத்து.

இடையில் இன்னொரு சொற்கதை. உலையைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் வளையத்துக்கு வாரியத்தின் பழைய விதித்தொகுப்பில் 'ஸ்டெரிலைஸ்டு ஜோன்' என்று பெயர். மக்கள்தொகை இயல்பாக மட்டுமே வளரலாம், புதுக் குடியேற்றம் கூடாது என்பது விதி. மலட்டுத்தன்மை தொனிக்கும் அச்சொல் ஊர்க்காரர்களை எப்படித் தைத்திருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. 2014-இல் பெயரை மாற்றி 'நேச்சுரல் குரோத் ஜோன்' என்றார்கள். அதே ஐந்து கிலோமீட்டர், ஏறத்தாழ அதே விதி. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு கட்டப்பட்ட குடியிருப்பு இந்த வளையத்துக்குள்தான் நிற்கிறது. அதற்கு எந்த விலக்கு, எந்தத் தாளில்?

எரிந்த எரிபொருளை உலைக்கு வெளியே சேமிக்கும் கிடங்கை ஐந்து ஆண்டுகளில் அமைக்க வேண்டும் என்பது அந்தப் 15 வழிகாட்டுதல்களில் ஒன்று. கெடு நீட்டிக்கப்பட்டது. கடைசியில் அக்கிடங்குக்காக ராதாபுரத்தில் 2019 ஜூலை 10 அன்று கருத்துக்கேட்புக் கூட்டம் அறிவிக்கப்பட்டது. முதல் இரண்டு உலைகளின் கழிவைப் பற்றி ஊரைக் கூப்பிட்டுக் கேட்கப்போகிறார்கள் என்று அண்ணாச்சியின் தம்பி இங்கே தொலைபேசியில் சொல்லியிருக்கிறார். அறிவித்த நாள் வருமுன்பே கூட்டம் தள்ளிவைக்கப்பட்டது.