ஏரி நீரும் ஆரையின் வாசமும்

பெரணிகள் பூப்பதில்லை, காய்ப்பதில்லை. வண்டையும் தேனீயையும் அழைக்க வேண்டிய தேவை அவற்றுக்கு இல்லை. இருந்தும் அவற்றின் இலைகளிலிருந்து மணம் எழுகிறது. ஏறத்தாழ 35 கோடி ஆண்டுகளுக்கு முன்பே, பூக்கும் தாவரங்கள் தலைகாட்டாத காலத்தில், பெரணிகள் நிலத்தில் இருந்தன. ஆகவே அவற்றின் வாசம் வேறு வேலைக்காக வந்தது.

உத்திரமேரூர் வட்டாரம் வெயில் காயும் சமவெளி. இங்கே பெரணி பிழைப்பது ஏரியை நம்பித்தான். கீரையாக மட்டும் பலருக்குத் தெரிந்த ஆரை, நாலு இலை கொண்ட நீர்ப்பெரணி. ஏரி உள்வாயும் அதன் கீழுள்ள நன்செயும் அதன் வீடு. கோடையில் களிமண் வெடிக்கும்போது ஆரையின் இலைகள் கருகிவிடும். காம்பின் அடியில் சிறு பயறளவில் கறுத்த, கெட்டியான உறைகள் மட்டும் மண்ணில் கிடக்கும். பல ஆண்டுகள் அவை உயிரோடு இருக்கக்கூடியவை. ஓடு தேய்ந்து நீர் உள்ளே புகுந்தால் உறை இரண்டாகப் பிளக்கும். உள்ளிருந்து பசைபோன்ற வளையம் ஒன்று வித்துப் பைகளைச் சுமந்தபடி வெளியே நீளும்.

ஆகவே ஆரையின் கதை இங்கே ஏரியின் கதையோடு சேர்ந்தது. பல்லவர் காலத்தில் சதுர்வேதிமங்கலமாக, அதாவது பிராமணர் குடியிருப்பாக, அமைந்த உத்திரமேரூரின் பெரிய ஏரி, கல்வெட்டுகளில் வயிரமேக தடாகம் எனப்படுகிறது. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919லும் 921லும் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் ஏரி வாரியத்துக்கு 6 பேரையும் தோட்ட வாரியத்துக்கு 12 பேரையும் குடவோலையால் தேர்ந்தெடுக்கும் விதிகளைச் சொல்கின்றன. தேர்தல் முறைக்காகவே இக்கல்வெட்டுகளைப் போற்றுகிறார்கள். ஏரியைக் காப்பதற்கென்றே ஆண்டுதோறும் ஆள் நியமித்தது அதற்குக் குறைந்த பெருமையல்ல.

ஆரையைக் கசக்கினால் வரும் பச்சை வாடை, இலை கிழிந்ததும் அதன் கொழுப்பு நொதிகளால் உடைந்து உருவாகும் ஆறு கார்பன் சேர்மங்களிலிருந்து வருவது. இத்தகைய சேர்மங்கள் காயத்தில் கிருமிகளைத் தடுக்கின்றன. அடுத்த இலைகளுக்கும் எச்சரிக்கை ஆகின்றன. பூக்கும் தாவரங்களில் இன்னொரு வேலையும் உண்டு: இலை தின்னும் புழுவை வேட்டையாடும் குளவிக்கு அவை வழிகாட்டும்.

பெரணியும் இப்படித்தானா என்பதை ஜெர்மனியின் யேனா நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் ராதிகாவும் உடன் பணியாற்றியோரும் சோதித்து 2012இல் வெளியிட்டனர். அவர்கள் எடுத்துக்கொண்டது நீலகிரியிலும் பழனி மலையிலும் காடாக மண்டும் பிராக்கன் பெரணி. காயம்பட்ட தாவரங்களில் சுரக்கும் ஜாஸ்மோனிக் அமிலத்தைத் தெளித்தபோது அது டெர்பீன் வகை மணங்களைத் தாராளமாக வெளியிட்டது. புழுக்கள் கடித்தபோதோ மிகக் குறைவாகவே வெளியிட்டது. மணம் உண்டாக்கும் திறன் பெரணிக்கு இருக்கிறது, ஆனால் புழுக்கடிக்கு அது அதைப் பெரிதாகப் பயன்படுத்தவில்லை. இளம் தண்டில் தேன் சுரந்து எறும்புகளை வரவழைப்பது பிராக்கனின் பழைய உத்தி. பிரான்சிஸ் டார்வின் 1877இலேயே அத்தேன் சுரப்பிகளை விவரித்தார். வட அமெரிக்காவின் வைக்கோல் மணப் பெரணியில் உள்ள வாசம் கூமரினுடையது. மான்கள் அப்பெரணியை ஒதுக்கிவிடுகின்றன.

மணமில்லாத வேதிப் பேச்சும் உண்டு. அருகருகே முளைக்கும் பிராக்கன் இளம் உடல்கள் ஒரு பொருளைக் கசியவிட்டு அண்டையிலுள்ளவற்றை ஆண் உறுப்பு உண்டாக்கத் தூண்டுவதை வால்டர் டோப் 1950இல் கண்டார். மணமில்லாத பாதுகாப்பும் உண்டு: லக்னோ தேசியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தார் டெக்டேரியா பெரணியில் கண்ட ஒரு புரதம் வெள்ளை ஈயைக் கொல்வதாக 2016இல் அறிவித்து, அதைப் பருத்தியிலும் சேர்த்துக் காட்டினர். பூச்சியை எதிர்க்க, பெரணி மணத்தை மட்டுமே நம்பியிருக்கவில்லை.

நெல்வயலில் ஆரை ஒரு களை. களை பறிக்கும் பெண்கள் அதை மடியில் சேர்த்துக் கீரையாக வீட்டுக்கு எடுத்துச் செல்வது பழைய வழக்கம். அகன்ற இலைக் களைகளைக் கொல்லும் மருந்துகள் வந்தபின் இந்த வழக்கம் தேய்ந்துவிட்டது. இன்றும் ஆரை பறிப்போர், அது மருந்தடித்த வயலா என்று முதலில் கேட்டறிந்துகொள்ள வேண்டும்.