இஞ்சியப்பமும் நம் இஞ்சியும்

கிறிஸ்துமஸ் நெருங்குங்கால் ஜெர்மானிய இல்லங்களில் மாவும் தேனும் வாசனைச் சரக்குகளும் பிசைந்து ‘லெப்கூகன்’ என்னும் இஞ்சியப்பம் சுடுவர். மாவை வாரக்கணக்கில் ஊறவிடும் குடும்பங்களும் உள. பக்குவம் பாட்டியிடமிருந்து பேத்திக்கு வருவது.

நியூரம்பர்க் நகரே இதற்குப் பேர்போனது. அருகிலிருந்த பெருங்காடு தேனைத் தந்தது. மிளகு முதலியன மலையாளக் கரையினின்று புறப்பட்டு, வெனிஸ் வணிகர் கைமாறி வந்தன. 1643-இல் அப்பஞ்சுடுவோர் தனிச் சங்கமே கண்டனர். ‘மிளகப்பம்’ என்றும் இதற்கோர் பெயருண்டு. ஆனால் மிளகு இல்லாமலும் சுடுகின்றனர்! அயல்நாட்டு வாசனைச் சரக்கனைத்தையும் மிளகென்றே வழங்கிய காலத்துப் பெயர் அது.

நமக்கு இதிலென்ன என்பீர்கள். ஆங்கிலேயர் கூறும் ‘ஜிஞ்சர்’, பாலி, கிரேக்கம், லத்தீன் ஆகியவற்றைக் கடந்து சென்ற நம் ‘இஞ்சி’யே என்பது மொழிநூலார் பலர் துணிபு. அத்துணைக் கடல் கடந்தும் அச்சொல் அழியவில்லை. நம் காலனிக் குழந்தைகளோ அதனை ‘அத்ரக்’ என்கின்றனர்.