கூடைப்பந்து வீராங்கனை அனிதா பால்துரை

வரலாறு என்றால் அரசர் புரிந்த போரும் அரண்மனைச் சூழ்ச்சியும் மட்டுமே எனக் கருதுவோர் பலர். மாதச் சம்பளத்திற்கு உழைத்துக்கொண்டே நாட்டின் பெயரை அயல்நாட்டு அரங்குகளில் ஒலிக்கச் செய்தோரின் வாழ்வும் வரலாறேயாகும். அத்தகைய தமிழ் மங்கை ஒருவரைப் பற்றிக் கோவண்டித் தமிழன்பர்கட்கு எடுத்துரைக்க விழைகின்றோம். அவர் சென்னை தந்த கூடைப்பந்து வீராங்கனை, தென்னக ரயில்வே ஊழியர் அனிதா பால்துரை. ரயில்வேயில் எழுத்தர் பணி புரியும் நமக்கு அவர் உறவினர் போன்றவரே.

கூடைப்பந்தாட்டம் 1891ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் பிறந்தது. குளிர்காலத்தில் மாணவர்கள் கூரையின்கீழ் ஆடுவதற்கென ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர் பழக்கூடைகளை உயரத்தில் மாட்டி இதனைத் தோற்றுவித்தார். வெகு விரைவிலேயே பெண்களும் ஆடத் தொடங்கினர். ஆயினும் 1936இல் ஒலிம்பிக்கில் ஆடவர்க்குத் திறந்த கதவு, பெண்டிர்க்கு 1976இல் மாண்ட்ரியலில்தான் திறந்தது. நாற்பதாண்டுக் காத்திருப்பு! அதே மாண்ட்ரியலில்தான் ஹேண்ட்பால் என்னும் ஆட்டமும் பெண்களுக்கென முதன்முதலாகச் சேர்க்கப்பெற்றது. அணிக்கு எழுவர் நின்று, பந்தைக் கையால் எறிந்து வலைக்குள் செலுத்தும் ஆட்டம் அது.

1985இல் பிறந்த அனிதா, 11ஆம் வயதில் பந்தைக் கையிலெடுத்தார். 2000 முதல் 2017 வரை இந்திய அணிக்கு ஆடினார். 19ஆம் வயதிலேயே அணித்தலைமை அவரை நாடி வந்தது; எட்டாண்டுகள் அப்பொறுப்பைத் தாங்கினார். ஆசியச் சாம்பியன் போட்டிகள் ஒன்பதில் ஆடிய முதல் இந்தியப் பெண்மணி அவரே. தேசியப் போட்டிகளில் அவர் ஈட்டிய பதக்கங்கள் 30. 2021ஆம் ஆண்டுக்கான பத்மஸ்ரீ விருது அவரைச் சிறப்பித்தது.

இவ்வளவு நீண்ட காலம் ஆட எங்ஙனம் இயன்றது? கூடைப்பந்து நம் நாட்டில் கிரிக்கெட்டைப் போல் பணம் கொழிக்கும் ஆட்டமன்று. திறமை இருந்தும், பிழைப்புத் தேடிப் பந்தைக் கீழே வைத்தோர் எத்துணையோ பேர்! அங்கேதான் ரயில்வே கைகொடுத்தது. விளையாட்டுத் திறனை மதித்து வேலை அளிப்பது ரயில்வேயின் நெடுநாள் வழக்கம். விளையாட்டு வாரியம் 1928ஆம் ஆண்டிலேயே அமைந்துவிட்டது. மண்டலங்கள் தமக்குள் மோதும். அவற்றுள் சிறந்தோர் கூடி 'இந்திய ரயில்வே' எனும் ஒரே அணியாகத் தேசியப் போட்டியில் இறங்குவர். சம்பளம் உறுதியாயின் மனமும் ஆட்டத்தில் உறுதியாகும். ஓட்டப் பந்தயத்தில் புகழ்பெற்ற பி.டி. உஷாவும் தென்னக ரயில்வே ஊழியராக இருந்தவரே என்பதை ஈண்டு நினைவுகூர்வோம்.

திருமணமும் மகப்பேறும் பெண்ணின் ஆட்டத்திற்கு முற்றுப்புள்ளி என்பர். அனிதாவோ தாயான பின்னும் களம் மீண்டார். 2017இல் பெங்களூரில் நடந்த ஆசியக் கோப்பை 'பி' பிரிவு இறுதியாட்டத்தில் இந்திய மங்கையர் கசகஸ்தானை 75-73 எனும் கணக்கில் வென்று, மேற்பிரிவுக்கு உயர்ந்தனர். அவ்வணியில் அனிதாவும் இருந்தார்.

கடல் கடந்தும் இதற்கோர் இணை உண்டு. நெதர்லாந்து நாட்டு ஹேண்ட்பால் வீராங்கனை எஸ்டவானா போல்மன் 2017இல் மகளைப் பெற்றார். 2019இல் ஜப்பானின் குமாமோட்டோவில் அவருடைய அணி ஸ்பெயினை 30-29 என வென்று உலகக் கோப்பையைக் கைப்பற்றியது. அப்போட்டியின் தலைசிறந்த ஆட்டக்காரர் எனத் தேர்வு பெற்றவர் போல்மனே. தாய்மை கைவலியைக் குறைக்கவில்லை என்பதற்கு இருவரும் சான்று.

இனி நம் கோவண்டிக்கு வருவோம். நெருக்கமான சந்துகளில் ஆண் பிள்ளைகள் எப்படியோ ஒரு மூலையைப் பிடித்து ஆடுகின்றனர். பெண் பிள்ளைகளோ பருவம் எய்தியதும் வீட்டு வாசலோடு நின்றுவிடுகின்றனர். "பெண்ணுக்குப் பந்து சோறு போடுமா?" எனப் பெரியோர் வினவுகின்றனர். போடும் என்பதே அனிதாவின் வரலாறு தரும் விடை. பந்து அவருக்கு வேலை தந்தது. வேலை அவர் ஆட்டத்தைக் காத்தது.

எல்லாப் பெண்களும் பத்மஸ்ரீ ஆகிவிடார். எனினும் வாரத்தில் இருநாள் ஆட விடுவதற்குப் பத்மஸ்ரீ வேண்டுவதில்லை. பெற்றோரின் மனமும் சிறிது இடமும் போதும். அடுத்த ஆண்டு விழாவில் பெண்களுக்கெனப் பந்துப் போட்டி ஒன்று நடைபெறுமாயின், முதல் வரிசையில் அமர்ந்து கைதட்ட நாம் காத்திருக்கின்றோம்.