டயருக்கும் பிரஷர் உண்டு: ஒரு குட்டி வரலாறு



"எனக்கெல்லாம் பிரஷர் இருக்காது டாக்டர், நான் நல்லாத்தானே இருக்கேன்!"

க்ளினிக்கில் தினமும் ஒருத்தராவது இதைச் சொல்லிடுவாங்க. முகத்தைப் பார்த்து பிரஷர் சொல்ல யாராலும் முடியாது. அளந்து பார்த்தால்தான் தெரியும்.

இன்னைக்கு எழுதப்போவது டயர் பிரஷரைப் பற்றி. அதுவும் மோட்டார்ஹோம் டயர். நம்ம ஊர்ல சினிமா ஷூட்டிங்கில் நிற்கும் கேரவன் மாதிரி, படுக்கை, சமையலறை, கழிவறை எல்லாம் உள்ள வண்டி. அமெரிக்காவில் ரிட்டயர் ஆன தம்பதிகள் இதில்தான் ஊர் ஊரா சுத்துவாங்க.

டயர் விஷயத்தில் டாக்டருக்கு என்ன வேலைன்னு கேட்கறீங்களா? இருக்கு. வாங்க.

1) காத்தடைச்ச டயருக்கு முதலில் காப்புரிமை வாங்கியவர் ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர். வருஷம் 1845. அப்போ ஓடியது குதிரை வண்டிதான். கண்டுபிடிப்பை யாரும் பெருசா எடுத்துக்கல. மறந்தே போயிட்டாங்க.

2) அடுத்து வந்தவர் நம்ம ஜாதி. ஜான் பாய்ட் டன்லப், பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவர். 1887-ல் தன் மகனின் மூணு சக்கர சைக்கிள் குலுங்காமல் ஓடணும்னு ரப்பர் குழாயில் காத்தடைச்சு சக்கரத்தைச் சுத்திக் கட்டினார். 1888-ல் காப்புரிமை வாங்கினார். 1889-ல் இந்த டயர் போட்ட சைக்கிள் பந்தயங்களில் ஜெயிக்க, ஊரே திரும்பிப் பார்த்தது. பிறகுதான் தாம்சனின் பழைய காப்புரிமை வெளியே வந்து, டன்லப்பின் காப்புரிமை செல்லாமல் போனது. ஆனாலும் டயர் நிலைச்சிடுச்சு.

3) இனி எங்க கதை. 1896-ல் இத்தாலியின் டூரின் நகரில் ரிவா-ரோச்சி என்ற மருத்துவர், இன்னைக்கு நாங்க பயன்படுத்தும் பிரஷர் கருவியின் மூதாதையை உருவாக்கினார். கையைச் சுத்திக் கட்ட அவர் எடுத்தது என்ன தெரியுமா? சைக்கிள் ட்யூப்!

ஆமாங்க. டயர் ட்யூபும் பிரஷர் பட்டையும் ஒரே குடும்பம்.

4) அந்தப் பட்டை ரொம்பக் குறுகலா இருந்தது. குறுகலான பட்டை பிரஷரை உள்ளதைவிட அதிகமாகக் காட்டும் என்று 1901-ல் ஃபான் ரெக்லிங்ஹௌசன் என்ற ஜெர்மன் மருத்துவர் சொன்னார். கைக்கு ஏத்த பட்டை வேணும். டயர் பாடமும் இதேதான்: சுமைக்கு ஏத்த காத்து வேணும்.

5) இந்தப் பாடத்தை உலகம் உயிரைக் கொடுத்துத்தான் படிச்சது. 2000 ஆகஸ்டில் அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. ஓடும்போதே டயரின் மேல்பட்டை உரிஞ்சு, வண்டிகள் உருண்டன. பெரும்பாலானவை ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர். இறந்தவர்கள் 250-க்கும் மேல்.

யார் மேல் தப்பு? ஃபோர்டு சொன்ன அளவு 26 பிஎஸ்ஐ. அது குறைவு, 30 வேணும் என்றது ஃபயர்ஸ்டோன். டயரிலேயே கோளாறு என்றது ஃபோர்டு. விசாரணையில் டயரின் குறைபாடு உறுதியானது. ஆனா காத்து குறைவும் வெயிலும் சுமையும் அந்தக் குறையை எப்படி ஆபத்தாக்கும் என்பதும் எல்லோருக்கும் புரிஞ்சது.

6) காத்து குறைஞ்சா என்ன ஆகும்? ஒவ்வொரு சுத்திலும் டயரின் பக்கச்சுவர் அதிகமா மடங்கி நிமிரும். கம்பியைத் திரும்பத் திரும்ப வளைச்சா சுடுமே, அது மாதிரி டயர் உள்ளுக்குள்ள சூடாகும். ரப்பரும் எஃகு இழையும் பிரியும். வெளியே ஒண்ணும் தெரியாது. திடீர்னு ஒருநாள் வெடிக்கும். ஸ்ட்ரோக் மாதிரியே!

7) அதே 2000 நவம்பரில் அமெரிக்காவில் சட்டம் வந்தது. அதன்படி, காத்து 25 சதவீதம் குறைஞ்சா எச்சரிக்கை விளக்கு எரியணும். 2007 செப்டம்பரில் இருந்து புதுக் கார்கள் எல்லாத்துக்கும் கட்டாயம்.

இங்கதான் விஷயம். 4,536 கிலோவுக்கு மேல் தாங்கும்படி செஞ்ச வண்டிக்கும், பின்னால் ஜோடி டயர் உள்ள வண்டிக்கும் இந்த விதி கிடையாது. பெரிய மோட்டார்ஹோம்கள் எல்லாம் அதில் விடுபட்டுடுச்சு. மாசக்கணக்கில் நின்னு காத்து இறங்கும் வண்டி, தண்ணீரும் ஃபிரிட்ஜும் சுமக்கும் வண்டி. அதுக்குத்தான் விளக்கு கட்டாயமில்லை!

8) அப்போ என்ன செய்யணும்?

🔹 பயணத்துக்குத் தேவையான எல்லாத்தையும் ஏத்திட்டு எடைமேடையில் நிறுத்துங்க. முடிஞ்சா ஒவ்வொரு சக்கரத்தையும் தனியா எடை போடுங்க. சமையலறை இருக்கும் பக்கம் கனமா இருக்கலாம்.

🔹 கனமான பக்கத்தின் எடைக்கு டயர் கம்பெனி அட்டவணையில் உள்ள அளவைப் பாருங்க. அந்த அச்சின் எல்லா டயருக்கும் அதே அளவு. எடை போட வழியில்லைன்னா வண்டியில் ஒட்டியிருக்கும் அளவு.

🔹 டயரில் பொறிச்சிருக்கும் எண், அதிகபட்சச் சுமைக்கு உரியது. எல்லா வண்டிக்கும் அதையே அடிக்கணும்னு அர்த்தமில்லை.

🔹 ஓட்டுவதற்கு முன்னாடி, டயர் குளிர்ந்திருக்கும்போது அளங்க. மாடி ஏறி வந்தவரை உட்கார வெச்சு, அஞ்சு நிமிஷம் கழிச்சுத்தானே நாங்க பிரஷர் பார்க்கிறோம்? ஓடிய டயரில் அளவு கூடத்தான் காட்டும். அதைப் பார்த்துக் காத்தை இறக்கிடாதீங்க.

🔹 ஜோடி டயரில் உள்பக்க டயரை மறக்காதீங்க. அது இறங்கினா முழுப் பாரமும் வெளி டயர் மேல்தான். வெளியே இருந்து பார்த்தா நல்லாத்தான் தெரியும்.

காலால் ஒரு எத்து எத்திப் பார்த்து "காத்து நல்லாத்தான் இருக்கு" என்பதும், "நான் நல்லாத்தானே இருக்கேன் டாக்டர்" என்பதும் ஒண்ணுதான்.

கேஜ் வச்சு அளந்துட்டு வண்டியை எடுங்க. உங்க பிரஷரையும் ஒரு தடவை பார்த்துட்டு வந்திடுங்க.