காவிரிப் படுகையின் உடைந்த அடித்தளம்

கும்பகோணத்திலிருந்து நாகப்பட்டினத்துக்குப் பேருந்தில் போகிறவர் கண்ணுக்கு மேடென்றும் பள்ளமென்றும் எதுவும் படாது. வயல், வாய்க்கால், மறுபடி வயல். அந்த வண்டலுக்கு அடியில் கிடக்கும் பழம்பாறையோ படிக்கட்டு போல உடைந்து கிடக்கிறது. ஓரிடத்தில் மேடாக எழும்பி நிற்கும். பக்கத்திலேயே 5 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிவிடும். கரையில் சுமார் 25,000 சதுர கிலோமீட்டரும், அதைவிடக் கூடுதலாகக் கடலடியிலும் பரந்துள்ள காவிரிப் படுகையின் முழு வரலாறும் அந்த உடைவில் தொடங்குகிறது. மண்ணைக் கொண்டுவருவது ஆறுதான். அது எங்கே தங்க வேண்டும் என்று தீர்மானிப்பது நிலத்தின் அசைவு.

ஜுராசிக் காலத்தின் இறுதியிலும் கிரெட்டேசியஸ் காலத்தின் தொடக்கத்திலும் இந்தியாவும் அண்டார்டிகாவும் பிரியத் தொடங்கியபோது, இங்கே நிலம் வடகிழக்கு–தென்மேற்காகக் கீறிக்கொண்டது. அரியலூர்–புதுச்சேரி, தரங்கம்பாடி, தஞ்சாவூர், இராமநாதபுரம்–பாக் வளைகுடா எனப் பள்ளங்கள் இறங்கின. இடையிடையே கும்பகோணம்–மாதானம், பட்டுக்கோட்டை–மன்னார்குடி, மண்டபம்–நெடுந்தீவு மேடுகள் நின்றன. கடைசிப் பெயரைக் கவனியுங்கள்: பாக் நீரிணையின் இக்கரையையும் இலங்கைப் பக்கத்து அக்கரையையும் ஒரே பாறை முகடு இணைக்கிறது.

பள்ளம் ஒரே நாளில் இறங்கிவிடவில்லை. மண் விழ விழப் பிளவும் நழுவிக்கொண்டே இருந்தது. அதனால் ஒரே காலத்துப் படிவம் பிளவின் இறங்கிய பக்கத்தில் தடித்திருக்கிறது. மேட்டை நோக்கிப் போகப் போக மெலிந்து மறைகிறது. செயற்கையாக எழுப்பும் நில அதிர்வு அலைகளைக் கொண்டு எடுக்கும் குறுக்குவெட்டுப் படங்களில் இந்த அடுக்குகள் பிளவை நோக்கி விரிந்த விசிறி போலத் தெரியும். பிளவின் விளிம்போரம் பருமணல் குவிந்தது. உள்ளே அமைதியான ஆழத்தில் உயிர்ச்சத்து மிகுந்த சேறு படிந்தது. பின்னாளில் எண்ணெய் சுரந்த சாத்தப்பாடிக் களிப்பாறை அத்தகைய சேறுதான். மணல் எட்டாத ஆழமற்ற விளிம்புகளில் பவளமும் பாசியும் வளர்ந்தன. கல்லக்குடியில் சிமென்டுக்காக வெட்டப்படும் சுண்ணாம்புக்கல் அப்படி உருவானது.

பிளவுகள் அடங்கியபின் படுகை முழுவதும் தாழ்ந்து, தென்கிழக்கே சாய்ந்தது. அப்போதும் பழைய மேடுகள் விட்டுக்கொடுக்கவில்லை. கடற்சரிவில் உருண்ட மணல் அவற்றுக்கு இடைப்பட்ட தாழ்வுகளையே வழியாகக் கொண்டது. மேடுகளும் வெறுமையாகக் கிடக்கவில்லை. பரங்கிப்பேட்டைக்கு அப்பால் கடலில் உள்ள பி.ஒய்.-1 களத்தில் எரிவாயு தேங்கியிருப்பது மணலில் அல்ல, நொறுங்கிய அடிப்பாறையின் வெடிப்புகளில். என் பார்வையில் இந்தப் படுகை கற்றுத்தரும் மிக அருமையான பாடம் அதுதான்.

இவ்வளவையும் காண எல்லோரும் கப்பலேற வேண்டியதில்லை. படுகையின் மேற்கு விளிம்பு பெரம்பலூர், அரியலூர் பக்கம் வெளியே தெரிகிறது. காரையில் மழை அரித்த சாம்பல்நிறக் களிமண் ஓடைகளுக்குள் இறங்கினால், வெள்ளை ஜிப்சக் கீற்றுகளுக்கு நடுவே விரல் நீளத்தில் பெலம்னைட் எச்சங்கள் காலடியில் கிடக்கும். கணவாய்க்கு உறவான கடலுயிரின் உடலுக்குள் இருந்த பகுதி அது. சாத்தனூரில், கடலுக்கு அடித்துவரப்பட்டுக் கல்லான 18 மீட்டர் நீள மரம் படுத்திருக்கிறது.

இம்மலரை வாசிக்கும் மாணவர்கள் ஒருமுறையாவது அங்கே போய்வாருங்கள். படம் எடுங்கள், அளவெடுங்கள், குறித்துக்கொள்ளுங்கள். கல்லை மட்டும் எடுத்துவராதீர்கள். எந்த அடுக்கில் கிடந்தது என்ற சேதி போய்விட்டால், அது அலமாரியில் இருக்கும் வெறும் கல்.