கிரும்பிகல்: மாதத்துக்கு ஒரு பூவாகத் தெரு வரைந்தவர்

குஸ்டாவ் ஹெர்மன் கிரும்பிகல் (1865–1956) ஜெர்மானியத் தாவரவியலாளர், தோட்ட வடிவமைப்பாளர். பரோடா, மைசூர் சமஸ்தானங்களில் பணியாற்றியவர். ஓசூரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூரு லால்பாக்கை 1908 முதல் 1932 வரை வளர்த்தவர். முறைப்படி இவர் கட்டடக் கலைஞர் அல்லர். என்றாலும் ஒரு நகரத்தின் முகத்தை மாற்றிய வகையில் பல கட்டடக் கலைஞர்களைவிட அதிகம் செய்தவர்.

டிரெஸ்டன் நகருக்கு அருகே லோமென் என்ற ஊரில் 1865 டிசம்பர் 18 அன்று பிறந்தார். பில்னிட்ஸ் அரண்மனைத் தோட்டத்தில் தொழில் பழகிவிட்டு 1888இல் இங்கிலாந்து சென்றார். லண்டன் ஹைடு பூங்காவில் மலர்ப் பாத்திகள் அமைத்தார்; பிறகு கியூ தாவரவியல் தோட்டத்தில் சேர்ந்தார். அன்றைக்கு உலகின் பல மூலைகளுக்கும் தோட்டக்காரர்களை அனுப்பிக்கொண்டிருந்த இடம் கியூ. அங்கிருந்துதான் 1893இல் மூன்றாம் சாயாஜிராவ் கெய்க்வாடின் பரோடாவுக்கு வந்தார். 1908இல் நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் மைசூர் சமஸ்தானம் அவரை அழைத்துக்கொண்டது.

லால்பாக் அப்போதே பழைய தோட்டம். 1760இல் ஹைதர் அலி தொடங்கி, திப்பு வளர்த்தது. கண்ணாடி மாளிகை 1889இல் ஜான் கேமரன் காலத்தில் எழுந்தது. நம் வீட்டுக் கூட்டுக்கு அரிகிற ‘பெங்களூர் கத்தரிக்காய்’, அதாவது சௌசௌ, அந்த ஊருக்கு வரக் காரணமாகச் சொல்லப்படுபவரும் கேமரன்தான். அவருக்குப் பின் பொறுப்பேற்ற கிரும்பிகல், வெளிநாட்டுத் தோட்டங்களோடு விதைகளையும் செடிகளையும் பரிமாறிக்கொள்ளும் வேலையை விரிவாக்கினார். 1912இல் மைசூர் தோட்டக்கலைச் சங்கம் உருவானதில் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு.

அவர் பெயர் நிலைத்தது தெருக்களால்தான். எந்த மரம் எந்த மாதம் பூக்கும் என்று கணக்கிட்டு, ஒன்று உதிரும்போது இன்னொன்று மலரும்படி சாலையோர மரங்களைத் தேர்ந்தெடுத்தார். பெங்களூருவில் பிப்ரவரி, மார்ச்சில் மஞ்சள் தபேபூயா, அடுத்து ஊதா ஜக்கரண்டா, கோடை முற்றும்போது செக்கச்செவேலென்று குல்மோகர் என்று வரிசையாகப் பூப்பதற்கு வித்திட்டது அந்தக் கணக்கு. இன்று அங்கே தெரியும் எல்லா மரத்தையும் அவர் கணக்கில் எழுதிவிடக் கூடாது. 1980களில் வனத்துறை அதிகாரி நெகின்ஹால் தலைமையில் சுமார் 15 லட்சம் மரங்கள் நடப்பட்டன. யோசனையை முதலில் விதைத்தவர் என்ற பெருமை மட்டும் கிரும்பிகலுக்கே உரியது.

கிருஷ்ணராஜ சாகர் அணையின் கீழுள்ள பிருந்தாவனத் தோட்டத்தின் வடிவமைப்பிலும் அவர் கை உண்டு. தமிழ் சினிமாவின் எத்தனையோ டூயட்டுகளுக்கு அந்த நீரூற்றுகள்தான் பின்னணி. திவான் மிர்சா இஸ்மாயில் காலத்து வேலை அந்தத் தோட்டம்.

இரண்டாம் உலகப்போரின்போது ஜெர்மானியர் என்ற காரணத்துக்காக அவர் காவலில் வைக்கப்பட்டார். ஆனாலும் ஊர் திரும்பவில்லை. 1956 பிப்ரவரியில் பெங்களூருவில் காலமானார். ஓசூர் சாலை மெதடிஸ்ட் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். லால்பாக் அருகே ஒரு சாலைக்கு அவர் பெயர் இருக்கிறது. தோட்டத்துக்குள்ளிருந்த கிரும்பிகல் மண்டபமோ கவனிப்பாரற்று 2017இல் இடிந்து விழுந்தது.

மாநில எல்லைக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டு ஓசூருக்கு, அவருடைய பூக்கும் மாதக் கணக்கு வந்து சேரவில்லை. ஓசூரும் பெங்களூருவைப் போலவே கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தட்பவெப்பமும் ஏறக்குறைய அதுவே. தளி, பாகலூர், பேரிகை பக்கத்துப் பசுமைக்குடில்களில் விளையும் ரோஜா காதலர் தினத்துக்கு வெளிநாடு போகிறது. சிப்காட் சாலைகளிலோ லாரிப் புகையும் புழுதியும்தான். 2019இல் மாநகராட்சியாகிவிட்ட ஓசூர், அடுத்த முறை சாலையோரக் குழி தோண்டும்போது கைக்குக் கிடைத்த கன்றை நட்டுவிடாமல், பூக்கும் மாதத்தைப் பார்த்து நடலாம். அதற்குப் புதிதாக ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை.