கேள்வியின் கடைசியில் நிற்கும் 'ஃபார்'



ஆவடியில் இருக்கும் பழைய மாணவி ஒருத்தி, மகளின் விடைத்தாளைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். 'ஹூ ஆர் யூ வெயிட்டிங் ஃபார்?' என்று பிள்ளை எழுதியிருக்கிறாள். ப்ரிபொசிஷன் கடைசியில் வரக்கூடாது என்று சிவப்பு மையில் அடித்து ஒரு மதிப்பெண்ணைக் குறைத்திருக்கிறார்கள். 'எது சார் சரி?' என்கிறாள்.

பிள்ளை எழுதியது சரிதான். அந்தச் சிவப்புக் கோட்டின் வயசுதான் முந்நூற்றைம்பது வருஷம்.

1672-ல் ஜான் டிரைடன் என்ற ஆங்கிலக் கவிஞர், தனக்கு முந்தைய தலைமுறை நாடக ஆசிரியரான பென் ஜான்சனின் வரி ஒன்றைப் பிடித்துக்கொண்டார். ப்ரிபொசிஷன் கடைசியில் நிற்கிறது, அது குற்றம் என்றார். தன் எழுத்திலும் அந்தப் பழக்கம் உண்டு என்று அவரே சொன்னார். சொன்னதோடு விடாமல், 1668-ல் வெளியிட்ட தன் நாடகக் கட்டுரையை 1684 பதிப்பில் அதற்காகவே திருத்தினார். மக்களோ அதற்குச் சில நூற்றாண்டுகள் முன்பிருந்தே அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். டிரைடன் காலத்துப் படிப்பாளிகளுக்கு லத்தீன்தான் அளவுகோல். லத்தீனில் அந்தச் சொல் பெயருக்கு முன்னால்தான் வரும்.

1762-ல் இலக்கணம் எழுதிய ராபர்ட் லவுத் பாதிரியார் இதைத் தடை செய்யவில்லை. பேச்சுக்கும் சாதாரண எழுத்துக்கும் பொருந்தும், கம்பீரமான நடைக்கு முன்னால் வைப்பதே அழகு என்றார். பின்னால் வந்த வாத்தியார்கள் (என் இனம்தான்!) இரண்டாம் பாதியை மட்டும் வைத்துக்கொண்டார்கள். 1926-ல் ஃபௌலர் தன் அகராதியில் இதை மூடநம்பிக்கை என்றே எழுதினார். நம் வீட்டு அலமாரியில் இருக்கும் ரென் அண்ட் மார்ட்டினைப் புரட்டுங்கள். 'வாட் ஆர் யூ லுக்கிங் அட்?' அங்கேயே உதாரணமாக இருக்கிறது.

இங்கிலாந்துக்காரர் காதுக்கு 'ஃபார் ஹூம் ஆர் யூ வெயிட்டிங்?' தப்பில்லை. ஆனால் கோர்ட்டில் வக்கீல் கேட்பது போல விறைப்பாக இருக்கும். 'ஃப்ரம் வேர் ஆர் யூ?' என்றால் வெளியூர்க்காரர் என்று உடனே தெரிந்துவிடும். அவர்கள் கேட்பது 'வேர் ஆர் யூ ஃப்ரம்?' அதற்காக எல்லாமே கடைசிக்குப் போய்விடாது. 'ட்யூரிங் விச் பீரியட்?' என்பதில் 'ட்யூரிங்'கைக் கடைசிக்குத் தள்ளினால் அவர்களுக்கே இடறும்.

நமக்கு இது ஏன் உறுத்துகிறது? டிரைடனை நம்மில் எத்தனை பேர் படித்தோம்! காரணம் தமிழில் இருக்கிறது. தொல்காப்பியர் எண்ணிச் சொன்ன வேற்றுமை உருபுகள் பெயரோடு ஒட்டியே நிற்கும், கேள்விச் சொல்லையும் விடாது. அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டில் 'எந்த பஸ்ஸுக்கு நிக்கிறே?' என்று கேட்கிறோம். அந்தக் 'கு'வைப் பிய்த்து 'எந்த பஸ் நிக்கிறே கு?' என்று மூன்று வயசுக் குழந்தைகூடச் சொல்லாது. அதே பழக்கத்தில்தான் 'எங்கேயிருந்து வர்றீங்க?' என்பது நம் வாயில் 'ஃப்ரம் வேர் ஆர் யூ கமிங்?' ஆகிறது.